ஆக்னஸ், டேனியல் ஃப்ரீமேன்: நெப்ராஸ்காவோட முதல் ஹோம்ஸ்டெட் குடும்பம் பத்தி

கார்முகில்_லிங்கன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இத எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு, இன்னைக்குத்தான் உக்காந்தேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் இருக்குறது அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலம், லிங்கன் ஊர். இங்கேருந்து தெக்க 40 மைல் போனா பியாட்ரிஸ்னு ஒரு ஊர் வரும். எழுத்தப் பாத்து வேற மாதிரி படிச்சா உள்ளூர் ஆளுங்க உடனே திருத்துவாங்க, நடு எழுத்துல அழுத்தம் குடுத்துச் சொல்லணும். அங்கேருந்து நாலு மைல்ல கப் க்ரீக்னு ஒரு ஓடை, அந்த ஓடக்கரையிலதான் டேனியல் ஃப்ரீமேனோட நெலம் இருக்கு. அரசாங்கம் 1936-லயே சட்டம் போட்டு அத தேசிய நினைவிடமா அறிவிச்சிருச்சு. ஆகஸ்ட் கடைசியில போயிருந்தேன், புல்லு என் தலைக்கு மேல நிக்குது. பிக் ப்ளூஸ்டெம்னு அந்தப் புல்லுக்குப் பேரு. ஒரு காலத்துல இந்த மாநிலத்தோட கெழக்குப் பக்கம் பூராவும் இப்படித்தான் கெடந்துச்சாம், இப்ப 1939-லேருந்து பாடுபட்டு இந்தத் துண்டு நெலத்துல திரும்பக் கொண்டு வந்திருக்காங்க.

யாரு இந்த ஃப்ரீமேன்னு கேப்பீங்க. 1862 மே 20-ந்தேதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு, ஹோம்ஸ்டெட் சட்டம். 21 வயசு ஆன ஆளு, இல்ல குடும்பத் தலைவரா இருக்குற யாரும், பொண்ணுங்களும் சேத்துதான், 160 ஏக்கர் அரசாங்க நெலத்துக்கு எழுதிப் போடலாம், அஞ்சு வருஷம் அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்து வெள்ளாம பண்ணிக் காட்டுனா நெலம் சொந்தம், மொத்தச் செலவு 18 டாலர். அமெரிக்க அரசுக்கு எதிரா ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது, அது ஒரு நிபந்தனை, உள்நாட்டுப் போர் நடந்துட்டிருந்த நேரம் இல்லையா. சட்டம் 1863 ஜனவரி 1-ந்தேதி நடைமுறைக்கு வந்துச்சு.

ஃப்ரீமேன் 1826-ல ஓஹையோவுல பொறந்தவரு, இல்லினாய்ல வளந்தவரு, வைத்தியம் படிச்சவரு. அவரு சொன்ன கதை என்னன்னா, வடக்குப் படையில வேலையா இருந்தவரு லீவுல வந்திருக்காரு, திரும்ப டூட்டிக்குப் போயாகணும், ப்ரவுன்வில்னு மிசௌரி ஆத்தங்கரை ஊர்ல புது வருஷ விருந்து நடக்குது, அங்க நெல ஆபீஸ் கிளார்க்கப் பாத்து, நாளைக்கு லீவு நாளு, ஆபீஸ் தெறக்க மாட்டாங்க, எனக்காக இன்னைக்கு ராத்திரியே தெறங்கன்னு கேட்டு, பன்னெண்டு மணி தாண்டுன ஒடனே எழுதிப் போட்டுட்டாரு. விண்ணப்பம் எண் 1.

இந்த ராத்திரிக் கதையத்தான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அத விட அதுக்கப்புறம் நடந்த அஞ்சு வருஷந்தான் பெருசாத் தெரிஞ்சுது, அதப் பத்திப் பேசலாம்னுதான் இந்த இழை.

ஏர்முனை

அருமையான பதிவு தம்பி. நான் கோபிப் பக்கம் வெவசாயி, அதனால நெலத்தப் பத்தி மட்டும் கேக்குறேன். 160 ஏக்கர்னா சதுரமாவா குடுத்தாங்க? ஓடை எந்தப் பக்கம்? மரம் இருந்துச்சா? வெறும் புல்லுக்காடா இருந்தா வீட்டுக்கு மரத்துக்கு எங்க போனாரு?

கார்முகில்_லிங்கன்

அண்ணா, நீங்க கேட்டது சரியான கேள்வி, நான் மொதல்ல வரைபடத்தப் பாத்தப்ப எனக்குப் புரியவே இல்ல. அவரு நெலம் சதுரம் இல்ல, கவுத்து வச்ச ஆங்கில டீ எழுத்து மாதிரி இருக்கு.

இங்க நெலத்த எல்லாம் ஒரு மைலுக்கு ஒரு மைல் கட்டமா அளந்து வச்சிருக்காங்க, ஒரு கட்டம் 640 ஏக்கர். அதக் காலாக்குனா 160, அந்தக் காலத் திரும்பக் காலாக்குனா 40. இந்த 40 ஏக்கர் துண்டு ஒவ்வொரு பக்கமும் 1,320 அடி இருக்கும். ஃப்ரீமேன் ஒரே சதுரமா வாங்காம இந்த 40 ஏக்கர்த் துண்டுல நாலு எடுத்திருக்காரு, மூணு வரிசையா பக்கத்துல பக்கத்துல, நடுத்துண்டுக்கு மேல ஒண்ணு. ஓடையும் ஓடக்கரை மரமும் உள்ள வரணும், உழுறதுக்குப் புல்வெளியும் வேணும், அதுக்கேத்த மாதிரி பொறுக்கியிருக்காரு. இந்தப் பக்கம் மரம்னா ஆத்தங்கரை ஓடக்கரையில மட்டுந்தான், மத்த எடமெல்லாம் புல்லு. மரம் கெடைக்காதவங்கதான் புல்லோட வேர்மண்ணக் கட்டிகட்டியா வெட்டி அடுக்கி வீடு கட்டுனாங்க.

அப்புறம் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், அந்த நினைவிடத்துல வண்டி நிறுத்துற எடத்த சரியா ஒரு ஏக்கர் அளவுக்குப் போட்டிருக்காங்க. வண்டிய நிறுத்திட்டு எறங்கிப் பாத்தா ஒரு ஏக்கர்னா எவ்வளவுன்னு கண்ணுக்குத் தெரியும், இந்த மாதிரி 160.

ஏர்முனை

நல்லா நெலம் பாக்கத் தெரிஞ்ச ஆளு. வைத்தியரா இருந்தாலும் வெவசாயி புத்தி. தண்ணி, வெறகு, உழவு மூணும் ஒரே பத்திரத்துல வந்துருச்சு.

பழுப்புத்தாள்

நான் பத்திரப் பதிவுத் துறையில முப்பத்தோரு வருஷம் இருந்து ரிட்டயர்டு ஆனவன், அதனால இந்த இழையப் பாத்ததும் சும்மா போக முடியல. ஃப்ரீமேன் 1868-ல குடுத்த நிரூபணப் பத்திரம் ஆவணக் காப்பகத்துல இருக்கு, படமும் கெடைக்குது. நம்ம ஆளுங்க யாரும் தமிழ்ல சொல்லிப் பாத்ததில்ல, அதனால விவரமாவே சொல்றேன்.

அஞ்சு வருஷம் முடிஞ்சா நில ஆபீஸுக்குப் போய் ரெண்டு சாட்சி வச்சு நிரூபிக்கணும். ஜோசப் கிராஃப், சாமுவேல் கில்பாட்ரிக்னு ரெண்டு பேர் சாட்சி சொல்லியிருக்காங்க. அவங்க சொன்னது இது: இவரு ஒரு குடும்பத் தலைவரு, மனைவியும் ரெண்டு பிள்ளைகளும் இருக்காங்க, அமெரிக்கக் குடிமகன். வீடு 14 அடிக்கு 20 அடி, ஒரு பகுதி முழு மரத்த அடுக்கிக் கட்டுனது, மீதி சட்டம் போட்டுக் கட்டுனது, மாடி கெடையாது, ரெண்டு கதவு, ரெண்டு ஜன்னல், மரச்சில்லுக் கூரை, பலகைத் தரை, குடியிருக்க வசதியான வீடு. 35 ஏக்கர் கிட்ட உழுது வேலி போட்டுப் பயிர் பண்ணியிருக்காரு. தொழுவம் ஒண்ணு, 100 அடி நீளத்துல ஆட்டுக்கொட்டகை ஒண்ணு, மக்காச்சோளப் பட்டறை ஒண்ணு, 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம் வச்சிருக்காரு.

அவ்வளவுதான், ஒரே பக்கம். 1868 ஜனவரி 20-ந்தேதி சான்றிதழ் எண் 1. அடுத்த வருஷம் 1869 செப்டம்பர் 1-ந்தேதி பட்டா, அதுவும் முதல் தொகுதி முதல் பக்கம்.

வீட்டு அளவ ஏன் அடியில கணக்காச் சொல்றாங்கன்னு யோசிச்சீங்களா? மேற்க பல எடத்துல பன்னெண்டுக்குப் பதினாலு வீடு இருக்குன்னு சாட்சி சொல்லிட்டு, போய்ப் பாத்தா பன்னெண்டு அங்குலத்துக்குப் பதினாலு அங்குலப் பொம்ம வீடு இருந்ததாப் பேசிக்குவாங்க, சக்கரத்துல வச்ச வீட்ட ஒரு நெலத்துலேருந்து அடுத்த நெலத்துக்கு இழுத்துட்டுப் போய் சாட்சி சொன்னதாவும் உண்டு. ஆபீஸ்லேருந்து யாரும் நேர்ல வந்து பாக்குற வழக்கம் இல்ல, அக்கம்பக்கத்து ஆளு சாட்சியத்தான் நம்பணும். நான் என் சர்வீஸ்ல எத்தனையோ புல எண்ணுல கெணறே இல்லாத எடத்துல கெணறுன்னு எழுதியிருக்குறதப் பாத்திருக்கேன், அதனால ரெண்டு கதவு ரெண்டு ஜன்னல்னு எண்ணிச் சொன்ன இந்தப் பத்திரத்து மேல எனக்கு ஒரு மரியாத.

அல்லி

பழுப்புத்தாள் சார், நன்றி, ரொம்ப நன்றி. ஆனா நீங்க எழுதுனதுல எனக்கு நெஞ்சுல நின்ன வரி "மனைவியும் ரெண்டு பிள்ளைகளும்". அந்த மனைவிக்குப் பேர் இருக்கு சார். ஆக்னஸ் சூட்டர். இவ்வளவு தூரம் பேசியும் இன்னும் அந்தப் பேரு இழையில வரல, தலைப்புல கூட "டேனியல் ஃப்ரீமேன்"னு மட்டுந்தான் இருக்கு.

ஆக்னஸ் அயோவா மாநிலத்துல லெக்ளேர்னு மிசிசிப்பி ஆத்தங்கரை ஊர்ல பொறந்து வளந்த குடும்பத்துப் பொண்ணு, சூட்டர் குடும்பத்துல ஆத்துப் படகு ஓட்டுற பைலட்டுங்க உண்டு. அந்தப் பொண்ணுக்கு மொதல்ல நிச்சயம் ஆனது டேனியலுக்கு இல்ல, டேனியலோட தம்பி ஜேம்ஸுக்கு. ஜேம்ஸ் போர்ல போயிட்டான். அதுக்கப்புறம் டேனியல் கடிதம் எழுத ஆரம்பிச்சாரு. அவருக்கு முதல் கல்யாணம் ஆகி அந்த மனைவி இறந்து போய் பிள்ளைங்களும் இருந்தாங்க. ரெண்டு பேரும் கடிதத்துலயேதான் பேசிப் பழகிக் கல்யாணத்துக்குச் சம்மதிச்சிருக்காங்க. 1865 பிப்ரவரி 8-ந்தேதி லெக்ளேர்ல கல்யாணம். உள்நாட்டுப் போர் முடியிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி.

இப்ப நீங்க எல்லாரும் அந்தத் தேதியையும் பழுப்புத்தாள் சார் குடுத்த தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எழுதிப் போட்டது 1863 ஜனவரி. நிரூபிச்சது 1868 ஜனவரி. ஆக்னஸ் அந்த வீட்டுக்கு வந்தது 1865-ல. அப்ப அந்த 35 ஏக்கர், ஆட்டுக்கொட்டகை, 440 மரம், ரெண்டு கொழந்த எல்லாத்துலயும் அந்தப் பொண்ணு கையிருக்கு. மூணு வருஷத்துல ரெண்டு பிரசவம். 14க்கு 20 அடி வீடு. பக்கத்து வீடு கூப்டு தூரத்துல இல்ல. ஆத்தங்கரை ஊர்ல படகுச் சத்தத்துலயே வளந்த பொண்ணு அங்க வந்து காத்துல புல்லு அலையிறத மட்டும் பாத்துட்டு இருந்திருக்கா.

எனக்கு அந்த ராத்திரி விருந்துக் கதை வேண்டாம். லெக்ளேர்ல அந்தப் பொண்ணு செத்துப் போனவனோட அண்ணன் எழுதுன கடிதத்த மொத தடவ பிரிச்சாளே, அந்த நாளப் பத்தி யாராவது எழுதியிருந்தா அதத் தேடிப் படிப்பேன்.

பழுப்புத்தாள்

அம்மா, நீங்க சொன்னது முழுக்கச் சரி, நான் பத்திரத்துல இருக்குறத அப்படியே சொல்லிட்டு நகந்துட்டேன். எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான், இன்னாரின் மனைவின்னே எழுதிப் பழகிட்டோம்.

நீங்க தேதிய அடுக்குனதும் எனக்கு இன்னொரு கேள்வி வந்துச்சு. சட்டத்துல ஆறு மாசத்துக்கு மேல நெலத்த விட்டுட்டுப் போனா உரிமை போயிரும்னு இருக்கு. அந்த ஆளு 1863, 64-ல படை வேலையில வெளிய இருந்தா யாரு அங்க இருந்தது? பக்கத்துல எதிர்த்து எழுதிப் போட ஆள் இல்ல, அதனால தப்பிச்சிருக்கலாம், இது என் ஊகந்தான். அப்புறம் 1872-ல தனிச் சட்டமே வந்துச்சு, வடக்குப் படையில வேலை பாத்த காலத்த அஞ்சு வருஷக் குடியிருப்புல கழிச்சுக்கலாம்னு. நாலு வருஷம் வரைக்கும் கழியும், ஆனா கொறஞ்சது ஒரு வருஷமாவது நெலத்துல இருந்தாகணும். போர் முடிஞ்சு வந்த சிப்பாய்ங்க கூட்டங்கூட்டமா மேற்க போனதுக்கு அது பெரிய காரணம்.

நெடுவழி

இழை நல்லா போகுது, ஆனா ரெண்டு விஷயத்த மேசையில வச்சே ஆகணும்.

ஒண்ணு, "முதல்"ங்கறது. அதே ஜனவரி 1-ந்தேதி நாடு முழுக்க 400 பேருக்கு மேல எழுதிப் போட்டிருக்காங்க. டகோட்டா பகுதியில மாலன் கோர்னு ஒருத்தர், நானும் பன்னெண்டு மணிக்கே போட்டேன்னு சொல்லியிருக்காரு. ஃப்ரீமேனோட படை வேலையும் அவரு சொன்ன கதைதான், ரகசிய உளவு வேலைன்னு சொல்லிட்டாரு. இடுப்புல கத்தி துப்பாக்கியோட அவரு நிக்கிற படம் எல்லாரும் பாத்திருப்பீங்க, அந்தப் படமே பாதி வரலாறாயிருச்சு.

ரெண்டாவதுதான் முக்கியம். "அரசாங்க நெலம்" எப்படி அரசாங்க நெலம் ஆச்சு? அது ஓட்டோ-மிசௌரியா மக்கள் வாழ்ந்த பூமி. 1854-ல ஒப்பந்தம் போட்டு அவங்களப் பிக் ப்ளூங்கற ஆத்தங்கரையில 10 மைல் அகலம் 25 மைல் நீளம் ஒரு துண்டுக்குள்ள ஒதுக்குனாங்க, பியாட்ரிஸுக்குத் தெக்க அது. ஃப்ரீமேன் பீச் மரம் நட்டப்ப அந்த மக்கள் பக்கத்துலயேதான் இருந்தாங்க. அப்புறம் அந்தத் துண்டையும் வித்து 1881-ல இப்ப ஓக்லஹோமான்னு சொல்ற எடத்துக்கு அனுப்பிட்டாங்க. மொத்தமா இந்தச் சட்டத்துல 27 கோடி ஏக்கர் கைமாறியிருக்கு, நாட்டு நெலத்துல பத்துல ஒரு பங்கு, 16 லட்சம் பட்டா. ஒவ்வொரு பட்டாவுக்கும் முன்னாடி ஒரு குடி அங்க இருந்துச்சு. இத விட்டுட்டு ஆப்பிள் மரத்த மட்டும் எண்ணக் கூடாது.

கார்முகில்_லிங்கன்

நெடுவழி, நீங்க சொன்ன ரெண்டாவது விஷயத்துக்கு என்கிட்ட மறுப்பு ஒண்ணுமே இல்ல, முதல் பதிவுலயே நான் எழுதியிருக்கணும். அங்க பெரிய கட்டடத்துக்கு வெளிய ஒரு சுவர் இருக்கு, ஹோம்ஸ்டெட் நடந்த ஒவ்வொரு மாநிலத்தோட உருவத்தையும் உலோகத் தகட்டுல வெட்டி, அந்த மாநிலத்துல எத்தன பங்கு நெலம் ஹோம்ஸ்டெட்ல போச்சோ அந்த அளவுக்குச் சதுரமா ஓட்ட போட்டிருக்காங்க. நெப்ராஸ்கா தகட்டுல ஓட்ட பெருசு. நான் அந்த ஓட்டையப் பாத்துட்டு, இவ்வளவு பேருக்கு நெலம் கெடச்சுதான்னுதான் மொதல்ல நெனச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுதான் அதே ஓட்ட இன்னொரு மக்கள்கிட்டேருந்து எடுத்ததோட அளவுன்னு ஒறச்சுது.

"முதல்" பத்தி, அவரு முதல் ஆளா இல்லையாங்கறது எனக்கும் பெருசா படல. அவரு குடும்பத்தோட தாளு முழுசா கையில கெடைக்குது, அதனாலதான் அவர எடுத்தேன்.

அல்லி அக்கா, தலைப்ப மாத்திட்டேன், ஆக்னஸ் பேர முன்னாடி வச்சு.

தூரிகை

ஃப்ரீமேன் கதைக்குப் பக்கத்துலயே வைக்க வேண்டிய இன்னொரு சிப்பாய் கதை இருக்கு, அவரும் நெப்ராஸ்காதான். ராபர்ட் பால் ஆண்டர்சன்.

1843-ல கென்டக்கியில அடிமையா பொறந்தவரு. ஆறு வயசு இருக்கும்போது அம்மாவ வேற எடத்துக்கு வித்துட்டாங்க, அதுக்கப்புறம் அவங்களப் பாக்கவே இல்ல. போர் நடக்கும்போது தப்பிச்சுப் போய் படையில சேந்தாரு, கறுப்பினப் படைப்பிரிவு 125. போர் முடிஞ்சும் அவங்கள மேற்க எல்லைக் கோட்டைகளுக்கு அனுப்பி வச்சாங்க, 1867-லதான் வெளிய வந்தாரு. 1870-ல நெப்ராஸ்காவுல பட்லர் கவுன்டியில ஹோம்ஸ்டெட் போட்டாரு. ஃப்ரீமேன் எழுதிப் போட்ட வருஷத்துல இவருக்கு அந்த உரிமையே கெடையாது, அடிமையா இருந்தவங்கள குடிமக்கள்னு சட்டம் ஏத்துக்கிட்டதே போருக்கப்புறந்தான்.

அங்க வறட்சி, வெட்டுக்கிளி, கடன், எல்லாம் சேந்து நெலம் கையவிட்டுப் போயிருச்சு. கன்சாஸுக்குப் போய்க் கூலி வேல பாத்துக் காசு சேத்துட்டுத் திரும்ப 1884-ல நெப்ராஸ்காவோட மேற்குக் கோடியில பாக்ஸ் பியூட் கவுன்டியில நெலம் புடிச்சாரு. அப்ப அவருக்கு நாப்பது வயசு தாண்டியாச்சு. அந்தத் தடவ விடல. கடைசியில 2,080 ஏக்கர் அவரு கையில.

எழுபத்தொம்பது வயசுல, 1922-ல, டெய்சி கிரகாம்னு இருபத்தொரு வயசுப் பொண்ணக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அவரு வாழ்க்கைய அவரு சொல்லச் சொல்ல அவங்கதான் எழுதுனாங்க, 1927-ல புத்தகமா வந்துச்சு. 1930-ல கார் விபத்துல இறந்தாரு. டெய்சி அம்மா 1998 வரைக்கும் இருந்தாங்க. உள்நாட்டுப் போர்ச் சிப்பாயோட மனைவி ஒருத்தங்க நம்ம காலம் வரைக்கும் உசிரோட இருந்திருக்காங்கன்னு நெனச்சுப் பாருங்க, நான் அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன்.

ஆறு வயசுல அம்மாவ வித்தத எழுபது வருஷம் நெஞ்சுல வச்சிருந்து, ஒரு நாள் சாயங்காலம் தன்னோட சின்ன மனைவிகிட்டச் சொல்லி எழுத வச்சிருக்காரே, அந்த எடத்துல என்னால அதுக்கு மேல படிக்க முடியல, மூடி வச்சுட்டேன்.

ஏர்முனை

தூரிகை, இதப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல.

வெட்டுக்கிளின்னு சொன்னீங்களே, எங்க பக்கம் ஒரு வருஷம் பச்சப்புழு விழுந்து ஒரு வாரத்துல மூணு ஏக்கர் சோளம் போச்சு, அதுவே தாங்கல. அங்க 1874-ல வந்தது ராக்கி மலை வெட்டுக்கிளி, வானம் இருண்டு போற அளவு கூட்டம், பயிர் மட்டும் இல்ல, வேலியில காயப்போட்ட துணி, கருவி புடிக்கிற மரக்காம்புல வேர்வ உப்பு பட்ட எடம், அதக்கூடக் கடிச்சதா எழுதி வச்சிருக்காங்க. அந்த வகை வெட்டுக்கிளி இப்ப உலகத்துலயே இல்ல, 1902-க்கு அப்புறம் உசிரோட யாரும் பாக்கல. அது முட்ட வச்ச ஆத்துச்சமவெளி மண்ண எல்லாம் குடியேறுனவங்க உழுது பெரட்டுனதுதான் காரணமா இருக்கும்னு சொல்றாங்க.

வேலி பத்தி ஒரு சந்தேகம் தம்பி. 35 ஏக்கருக்கு வேலி போட்டதா பத்திரத்துல இருக்கு. முள்ளுக்கம்பி அப்ப கெடையாதே?

கார்முகில்_லிங்கன்

கெடையாது அண்ணா, க்ளிடன்னு ஒருத்தரோட முள்ளுக்கம்பி 1874-லதான் காப்புரிமையாச்சு. மொதல்ல ஓடக்கரை மரத்தப் பொளந்து போட்டிருப்பாங்க. அதுக்கப்புறம் உயிர்வேலி. ஓசேஜ் ஆரஞ்சுன்னு ஒரு முள்மரம், பேருலதான் ஆரஞ்சு, காய் பச்சையா மேடு பள்ளமா பெரிய ஆரஞ்சுப் பழம் சைஸுக்கு இருக்கும், திங்க முடியாது. நெருக்கமா நட்டு வெட்டிவிட்டா சுவர் மாதிரி ஆயிரும். குதிர தாண்டாத ஒசரம், காள முட்டாத பலம், பன்னி நொழையாத நெருக்கம்னு இங்க சொல்லுவாங்க. ஃப்ரீமேன் நெலத்தோட தெக்கு ஓரத்துல அந்த வேலி இன்னமும் நிக்குது.

அல்லி

பிள்ளைங்க கதைய யாரும் சொல்லல, நான் சொல்றேன். அந்த நெலத்துக்குப் பக்கத்துலயே ஒரே அறை செங்கல் பள்ளிக்கூடம், 1872-ல கட்டுனது, 1967 வரைக்கும் நடந்துச்சு, இப்ப அதுவும் நினைவிடத்துல சேந்திருச்சு.

1899-ல அந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சர் பாடத்துக்கு நடுவுல பைபிள் வாசிச்சு, ஜெபம் பண்ணி, பாட்டுப் பாட வச்சிருக்காங்க. டேனியலுக்குச் சம்மதம் இல்ல. பொதுக் காசுல நடக்குற பள்ளிக்கூடத்துல இது கூடாதுன்னு பள்ளிக் குழுகிட்டக் கேட்டாரு, கேக்கல. கோர்ட்டுக்குப் போனாரு, கீழ்க்கோர்ட்டுல தோத்தாரு. விடாம மேல போயி 1902-ல மாநில உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சாரு. அப்ப வயசு எழுபத்தாறு. சுத்தி இருக்குறவங்க எல்லாரும் தேவாலயம் போறவங்க, சின்ன ஊரு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துதான் வாழணும். அந்தப் படத்துல துப்பாக்கியோட நிக்கிறதுக்கு வேணுங்கற தைரியத்த விட இதுக்கு வேணுங்கறது அதிகம்னு நான் நெனக்கிறேன். அந்த மூணு வருஷமும் ஆக்னஸ் கடைக்கும் சந்தைக்கும் போயிட்டு வந்திருப்பாங்களே, அதையும் சேத்துச் சொல்லணும்.

நெடுவழி

அல்லி, இந்த வழக்கு எனக்குத் தெரியாம இருந்துச்சு. படத்தப் பாத்து நான் அந்த ஆளப் பத்தி ஒரு முடிவுக்கு வந்துட்டேன், அத மாத்திக்கிறேன். ஓட்டோ-மிசௌரியா பத்திச் சொன்னது அப்படியே இருக்கட்டும்.

கார்முகில்_லிங்கன்

எல்லாரும் எழுதுனதப் படிச்சுட்டு போன சனிக்கிழம திரும்பப் போயிட்டு வந்தேன், ஊர்லேருந்து அம்மா வந்திருக்காங்க, அவங்களையும் கூட்டிட்டு.

ஃப்ரீமேன் வீடு இப்ப இல்ல, இருந்த எடம் மட்டுந்தான். ஆனா பக்கத்து ஊர்லேருந்து 1867-ல கட்டுன ஒரு மரவீட்டக் கொண்டு வந்து வச்சிருக்காங்க, பாமர்-எப்பர்டு வீடுன்னு பேரு, 14 அடிக்கு 16 அடி. வெளியிலேருந்து சுவரோரமா தப்படி போட்டு நடந்து பாத்தேன். ஒரு பக்கம் ஆறு தப்படி முழுசா வரல, இன்னொரு பக்கம் ஆறர. இதுல புருஷன் பொண்டாட்டியோட பத்துப் பிள்ளைங்க இருந்திருக்காங்க. அம்மா வாசல்ல குனிஞ்சு உள்ள பாத்துட்டு மொதல்ல கேட்டது, அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவுல எவ்வளவு எடம்னுதான்.

அங்கேருந்து ஓடை வரைக்கும் நடந்தோம். ஏர்முனை அண்ணா, நீங்க கேட்ட மரம் எல்லாம் அங்கதான், ஓடையோட ரெண்டு கரையிலயும் நெழல். அத விட்டு வெளிய வந்தா ஒடனே வெயிலும் காத்தும் புல்லும். அந்த எல்லைய ஒரே அடியில தாண்டுறோம், அந்த டீ எழுத்து நெலத்துக்கு அர்த்தம் அப்பத்தான் காலுக்குத் தெரிஞ்சுது. 400 பீச் மரத்துல ஒண்ணும் இல்ல, புல்லுதான். தெக்கு ஓரத்துல வேலி மரத்துக்குக் கீழ அந்தப் பச்சக் காயி நாலஞ்சு கெடந்துச்சு, அம்மா ஒண்ணக் கையில எடுத்து மோந்து பாத்துட்டு, எலுமிச்ச தோல் வாடன்னு சொல்லிட்டு எடுத்த எடத்துலயே வச்சுட்டாங்க.

கடைசியா மேட்டுல இருக்குற கல்லறைக்குப் போனோம். டேனியல் 1908 டிசம்பர் 30. ஆக்னஸ் 1931. அம்மா வெரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பாத்துட்டு, இருவத்திரண்டு வருஷம் தனியாவா இருந்துச்சு அந்தம்மான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். அங்கேருந்து பாத்தா ஓடக்கரை மரவரிசை முழுசா தெரியுது, காத்து அடிக்கும்போது புல்லு அந்தப் பக்கமா சாயுது. இருட்டுற வரைக்கும் அம்மா கெளம்பவே இல்ல.